யூஎக்ஸ் பத்தி திரும்பத் திரும்ப என்கிட்ட கேக்குற கேள்விகள்

பெங்களூருக்கு வந்து பன்னெண்டு வருஷம் ஆச்சு, அதுல பத்து வருஷம் இந்த யூஎக்ஸ் (யூசர் எக்ஸ்பீரியன்ஸ்) வேலைதான், அதாவது ஒரு பொருள யூஸ் பண்றவங்க மாட்டிக்காம யூஸ் பண்ற மாதிரி அமைக்கிறது. ஊர்ல இருந்து ஒரு பையனோ பொண்ணோ பேக் மாட்டிக்கிட்டு கே.ஆர்.புரத்துல வந்து எறங்குனா, அவங்க அப்பா கைல என் நம்பர் இருக்கும். அப்புறம் ஞாயித்துக்கிழமை அல்சூர்ல டீ, அதே கேள்வி, அதே பதில். வாய்ஸ் நோட் போட்டு போட்டு தொண்டை போச்சு, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். கேட்டவங்க வார்த்தையிலேயே கேள்விய போட்டிருக்கேன், பேரு மட்டும் போடல.

அக்கா, யூஎக்ஸ்னா ஆப்புக்கு கலர் போடுறதுதானே?

கலர் அதுல ஒரு ஓரம். எங்க தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஆம்பூர் பக்கம். அவர் ரெண்டு கைலயும் எண்ணெய் பாக்கெட்டோட நிப்பார், நீங்க க்யூஆர் ஸ்கேன் பண்ணி நாப்பது ரூபா போடுவீங்க, பக்கத்துல இருக்குற சவுண்ட் பாக்ஸ் கன்னடத்துல கத்தும், அவர் திரும்பிக்கூட பாக்காம தலைய ஆட்டுவார், முடிஞ்சுது. அந்த டப்பா வர்றதுக்கு முன்னாடி கைய தொடச்சு, ஃபோன எடுத்து, லாக் தொறந்து, மெசேஜ் வந்துச்சான்னு பாத்து, அதுக்குள்ள பின்னாடி நாலு பேர் நிப்பாங்க. அவர் கடைல இருக்குற டப்பால ஸ்க்ரீனே கெடையாது, ஆனா பணம் வந்துச்சான்னு அவர் கேக்குறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுது. அதுதான் யூஎக்ஸ்.

பேரு வந்த கதையும் சொல்லிடறேன். டான் நார்மன்னு ஒருத்தர், 1993ல ஆப்பிள்ல சேந்தப்ப தன் பதவிக்கே யூசர் எக்ஸ்பீரியன்ஸ் ஆர்க்கிடெக்ட்னு வச்சுக்கிட்டார். கடைல போய் வாங்குறது, வீட்டுக்கு தூக்கிட்டு வந்து பிரிக்கிறது, மாட்டுறது, ரிப்பேர் ஆனா யாருக்கு ஃபோன் போடுறது, எல்லாம் சேந்ததுதான் யூஎக்ஸ்ங்கிறது அவர் கட்சி. ஸ்க்ரீனோட முடிஞ்சிடும்னு அவர் எப்பவும் சொல்லல, நம்ம ஊர் கம்பெனிங்கதான் அப்படி சுருக்கிடுச்சு.

அப்ப யூஐ வேற, யூஎக்ஸ் வேறயா? வேலை விளம்பரத்துல ரெண்டையும் ஒட்டித்தானே போடுறாங்க?

ஓடிபி போடுற பக்கத்த பாருங்க. ஆறு கட்டம், நல்ல ஃபான்ட்டு, எந்த கட்டத்துல நிக்கிறோம்னு காட்டுற கோடு, இதெல்லாம் யூஐ, அதாவது யூசர் இன்டர்ஃபேஸ், கண்ணுக்குத் தெரியுற பக்கம். ஓடிபி வர நாப்பது செகண்ட் ஆகுது ஆனா டைமர் முப்பதுல முடிஞ்சு "மறுபடி அனுப்பு"ன்னு மினுக்குது, நீங்க அமுக்குறீங்க, இப்ப முதல் ஓடிபி வந்து சேருது, அத போட்டா தப்புங்குது, ரெண்டாவது வர்றதுக்குள்ள மூணு தடவ தப்பு பண்ணிட்டீங்க நாளைக்கு வாங்கன்னு கதவ சாத்துது. கட்டம் எல்லாம் அழகாத்தான் இருக்கு, யூஎக்ஸ் நாசம்.

விளம்பரத்துல ஒட்டிப் போடுறாங்கன்னா ரெண்டு பேர் வேலைக்கு ஒரு சம்பளம்னு அர்த்தம், வேற ரகசியம் இல்ல.

எனக்கு டிராயிங்கும் வராது, கோடிங்கும் வராது. இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம். எங்க டீம்ல நல்லா யோசிக்கிற ஆள் முன்னாடி கஸ்டமர் கேர்ல ரெண்டு வருஷம் ஃபோன் எடுத்தவர். ஜனங்க எந்த எடத்துல மாட்டிக்குவாங்கன்னு காது வழியாவே தெரிஞ்சு வச்சிருக்கார். பேப்பர்ல கட்டம் போட்டு அம்பு போடத் தெரிஞ்சா படம் போதும். கோடிங் எழுத வேணாம், ஆனா டெவலப்பர் "இது முடியாது"ன்னா அது நிஜமாவே முடியாதா இல்ல வெள்ளிக்கிழமை சாயங்காலமாங்கிறது புரியுற அளவுக்கு தெரிஞ்சிருக்கணும்.

மேடம், பொண்ண ஒரு இன்ஸ்டிட்யூட்ல சேக்கலாம்னு இருக்கேன், ஆறு மாசத்துக்கு ரெண்டு லட்சம் கேக்குறாங்க. கட்டலாமா?

சார், கடன் வாங்கிக் கட்டாதீங்க, அது மட்டும் என் வேண்டுகோள். படிப்பாவே படிக்கணும்னா பாம்பே ஐஐடில ஐடிசின்னு டிசைன் பள்ளி இருக்கு, 1969ல இருந்து இருக்கு. ஐஐடிங்க, நம்ம ஐஐஎஸ்சி எல்லாத்துக்கும் டிசைன்ல மாஸ்டர்ஸ் சேர சீட் (CEED)னு ஒரு எக்ஸாம், அகமதாபாத்ல இருக்குற டிசைன் காலேஜ் என்ஐடிக்கு (NID) தனி எக்ஸாம், அவங்களுக்கு இங்க தும்கூர் ரோட்லயும் ஒரு கேம்பஸ் இருக்கு. அது கஷ்டமான வழிதான், ஆனா நல்ல வழி.

ருசி பாக்கணும்னா கூகுள் 2021ல கோர்செராங்கிற ஆன்லைன் படிப்பு தளத்துல ஒரு யூஎக்ஸ் சர்டிஃபிகேட் ஆரம்பிச்சாங்க, மாசாமாசம் கட்டுற மாதிரி, அதுல ஒரு மாசம் ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டாவது வாரத்துலயே பொண்ணுக்கு புடிக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும். சர்டிஃபிகேட்ட பாத்து யாரும் வேலை குடுக்க மாட்டாங்க, நானும் இன்டர்வியூல அத பாக்குறதே இல்ல. ஒரே ஒரு ப்ராஜெக்ட், ஆனா அதுல நிஜ ஆளுங்ககிட்ட காட்டி எங்க சொதப்புச்சு, அப்புறம் என்ன மாத்துனேன்னு எழுதியிருந்தா அதத்தான் பாப்பேன்.

ஃபிக்மா கத்துக்கிட்டா போதுமா?

ஸ்க்ரீன் வரையுற சாஃப்ட்வேர்தான் அது, ஒரு வாரத்துல வந்துடும், கத்துக்கோங்க. நான் ஃபோட்டோஷாப்ல ஆரம்பிச்சு, ஸ்கெட்ச்சுக்கு மாறி, ஃபிக்மாவுக்கு வந்தேன். 2022 செப்டம்பர்ல அடோபி இருபது பில்லியன் டாலருக்கு ஃபிக்மாவ வாங்கப்போறோம்னாங்க, ஆபீஸே கவலைப்பட்டுச்சு, 2023 டிசம்பர்ல அது கேன்சல். கரண்டி மாறும், சமையல்தான் கத்துக்கணும்.

யூசர் டெஸ்டிங்க்கு அஞ்சு பேர் போதும்னு சொல்றாங்களே, அஞ்சு பேர வச்சு என்ன தெரியும்?

யூசர் டெஸ்டிங்னா ஆப்ப நிஜ ஆளுங்க கைல குடுத்து எங்க மாட்டுறாங்கன்னு பாக்குறது. ஜேக்கப் நீல்சன்னு இந்தத் துறை நிபுணர் ஒருத்தர் 2000ல எழுதுனது அது. ஒரு ஆள வச்சு பாத்தா சராசரியா 31 சதவீதம் கோளாறு கண்ணுல படும், அடுத்த ஆள்கிட்ட கொஞ்சம் பழசும் திரும்ப வரும், இப்படியே போனா அஞ்சாவது ஆளுக்குள்ள 85 சதவீதம் வந்துடும்னு கணக்கு. பதினஞ்சு பேர ஒரே தடவ உக்கார வைக்காதீங்க, அஞ்சு பேர பாத்து, சரி பண்ணி, திரும்ப அஞ்சு பேர்கிட்ட போங்கங்கிறதுதான் அவர் சொன்னதோட சாரம், இத பாதிப்பேர் விட்டுடறாங்க. "எத்தன சதவீதம் பேர் வாங்குவாங்க"ங்கிற மாதிரி கேள்விக்கு அஞ்சு பேர் செல்லாது. கடைக்காரங்களும் வாங்குறவங்களும் ஒரே ஆப்ப யூஸ் பண்ணுனா ரெண்டு பக்கமும் தனித்தனியா ஆள் வேணும்.

அஞ்சு பேர் என்ன காட்டுவாங்கன்னு கேட்டீங்க. கடைக்காரங்களுக்கு ஒரு ஆப் பண்ணோம், அல்சூர் மார்க்கெட்ல பூ விக்கிற அக்காகிட்ட எடுத்துட்டுப் போனேன். "நேத்து மொத்தம் எவ்ளோ வந்துச்சுன்னு பாருங்கக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடிட்டேன். எங்க ஆபீஸ்ல ரெண்டு வாரம் சண்டை போட்டு அந்தப் பக்கத்துக்கு "இன்சைட்ஸ்"னு பேரு வச்சிருந்தோம். அவங்க விரல் அது மேல நாலு தடவ போச்சு, நாலு தடவயும் நிக்காம தாண்டிப் போச்சு. கடைசில ஃபோன என்கிட்டயே நீட்டி, "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, எம் பையன் வந்தா பாத்துச் சொல்லுவான்"னாங்க. ஆனா பாருங்க, பேங்க் எஸ்எம்எஸ்ஸ ஒண்ணொண்ணா எண்ணி 1,840 ரூபான்னு மனசுலயே கூட்டி வச்சிருக்காங்க! கணக்கு தெரியாத ஆளா அவங்க? அடுத்து பாத்த மூணு பேரும் அதே எடத்துல நின்னாங்க. "நேத்து வந்த பணம்"னு மாத்துனோம், அவ்ளோதான்.

இன்னொண்ணு, "நல்லா இருக்கா?"ன்னு கேக்கவே கேக்காதீங்க. நம்மாளுங்க வீடு தேடி வந்தவங்க மனசு நோகக்கூடாதுன்னு நல்லாருக்கும்மான்னுதான் சொல்லுவாங்க, டீயும் குடுப்பாங்க. வேலைய குடுங்க, கைய பாருங்க. "எனக்குத் தெரியாது"ன்னு ஒருத்தர் சொல்ற எடத்த சிவப்பு பேனால எழுதுங்க, ஏன்னா தப்பு பண்ணுனது ஸ்க்ரீன், மாட்டிக்கிட்டவங்க தன் மேல பழிய போட்டுக்கிறாங்க.

பட்டன் எவ்ளோ பெருசா இருக்கணும்னு ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கு. ஆப்பிள் 44க்கு 44 பாயின்ட்ங்குது, ஆண்ட்ராய்டு பக்கம் கூகுள் 48க்கு 48 டிபிங்குது (பாயின்ட், டிபி ரெண்டும் திரைல அளக்குற அலகு), அந்த 48 டிபி கையில சுமார் 9 மில்லிமீட்டர் வரும். எல்லாராலயும் யூஸ் பண்ண முடியணும்னு வெப்சைட்டுங்களுக்கு போட்ட உலக வழிகாட்டி டபிள்யூசிஏஜி (WCAG), 2023 அக்டோபர்ல வந்த அதோட 2.2ல 24 பிக்சலுக்கு கீழ போகாதீங்கன்னு இருக்கு, அது கடைசி எல்லை, அத போய் இலக்கா வச்சுக்காதீங்க. படம் சின்னதா இருக்கலாம், தொடுற எடம் பெருசா இருந்தா போதும். பெருசா பக்கத்துல இருக்குறத தொடறது சீக்கிரம், சின்னதா தூரத்துல இருக்குறது லேட்டுங்கிறத பால் ஃபிட்ஸ்ங்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1954லயே கணக்கு போட்டுக் காட்டிட்டார், செல்ஃபோனே இல்லாத காலத்துல.

மொபைல் டிசைன் ஆராய்ச்சி பண்ற ஸ்டீவன் ஹூபர் 2013ல தெருவுல பஸ்ஸுல 1,333 பேர் ஃபோன் புடிக்கிறத பாத்து எழுதுனதுல, திரைய தொட்டுக்கிட்டிருந்தவங்கள்ல 49 சதவீதம் பேர் ஒத்தக் கைல. அப்புறம் ஃபோன் எல்லாம் வளந்துடுச்சு, கட்டைவிரல் வளரல. சில்க் போர்டு பக்கம் பிஎம்டிசி பஸ்ஸுல கம்பிய புடிச்சு நின்னுக்கிட்டு உங்க ஆப்ப ஒரு தடவ ஓட்டிப் பாருங்க, மேல் மூலைல வச்ச பட்டன் எல்லாம் கீழ வந்துடும்.

பணம் கட்டும்போது சுத்திக்கிட்டே இருக்கே, நெட்வொர்க் கோளாறுதானே? அதுல டிசைனர் என்ன பண்ண முடியும்?

சுத்துறத நிறுத்த முடியாது, சுத்தும்போது வயித்துல புளி கரையாம பாத்துக்க முடியும். பழைய கணக்கு ஒண்ணு இருக்கு: 0.1 செகண்டுக்குள்ள பதில் வந்தா உடனே நடந்த மாதிரி இருக்கும், ஒரு செகண்ட் வரைக்கும் நெனப்பு அறுந்து போகாது, பத்து செகண்ட் தாண்டுனா ஆள் வேற பக்கம் போயிடுவார். அதனால பத்து செகண்ட் தாண்டுற எடத்துல என்ன நடக்குதுன்னு எழுத்துல சொல்லணும்.

யூபிஐல பணம் கழிஞ்சு அந்தப் பக்கம் போகலன்னா என்ன ஆகும்னு ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பர்லயே விதி போட்டிருக்கு: ஆளுக்கு ஆள் அனுப்புனதுன்னா அடுத்த நாளுக்குள்ள, கடைக்கு கட்டுனதுன்னா அஞ்சு நாளுக்குள்ள திரும்பணும், தாண்டுனா நாளுக்கு நூறு ரூபா. இவ்ளோ நல்ல தகவல் கைல இருக்கும்போது ஸ்க்ரீன்ல "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயற்சிக்கவும்"னு போடுறாங்க. மீண்டும் முயற்சி பண்ணா ரெண்டு தடவ பணம் போகுமே! "500 ரூபா உங்க கணக்குல கழிஞ்சிருக்கு, கடைக்கு இன்னும் போகல, இந்த தேதிக்குள்ள போயிடும் இல்லன்னா திரும்பி வரும், இப்ப மறுபடி அனுப்ப வேணாம்". இத எழுதறதும் டிசைன்தான், சொல்லப்போனா பாதி டிசைன் எழுத்துதான்.

வெப்சைட்ட சின்னதாக்குனா மொபைலுக்கு ஆயிடும்ல?

ஈத்தன் மார்காட்ங்கிற வெப் டிசைனர் 2010ல ரெஸ்பான்சிவ்னு பேரு வச்சு ஆரம்பிச்சது திரை அகலத்துக்கு ஏத்த மாதிரி அடுக்கறது, அது அடிப்படை, வேணும். ஆனா மவுஸ மேல கொண்டு போனா தெரியுற மெனு விரலுக்கு தெரியாது, வெயில்ல திரை மங்கும், கீபோர்டு வந்தா பாதி திரை போயிடும், நடுவுல யாராவது ஃபோன் பண்ணுவாங்க. சின்னதாக்குறதுக்கு முன்னாடி எத தூக்கிப் போடலாம்னு பாருங்க.

தமிழ்ல ஆப் போட்டா எழுத்து வெட்டுது, பட்டன விட்டு வெளிய வழியுது. தமிழே ஒத்து வராதா?

தமிழ் ஒத்து வரும், இங்கிலீஷுக்கு அளவெடுத்து தச்ச சட்டைல தமிழ நுழைச்சா பட்டன் தெறிக்கத்தான் செய்யும். "கீ"ல மேல சுழி, "பூ"ல கீழ வால். லைன் ஹைட் (ஒரு வரிக்கு விடுற உயரம்) எழுத்து அளவுல 1.2 மடங்கு வச்சா ரெண்டும் வெட்டும், 1.5, 1.6ன்னு வைங்க. சாய்வெழுத்து வேணாம், தமிழ்ல பாக்க சகிக்காது. பெரிய எழுத்து சின்ன எழுத்து நமக்கு கெடையாது, அதனால தலைப்ப தனியா காட்ட கனமும் அளவும்தான் வழி.

நீளத்த எண்ணுறதுல ஒரு வில்லங்கம் இருக்கு. "செந்தில்" நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து, கம்ப்யூட்டருக்கு எட்டு: ச, ெ, ந, புள்ளி, த, ி, ல, புள்ளி. ஏழோட வெட்டுனா "செந்தில"ன்னு ஆயிடும், புள்ளி காணோம். பார்வைக்கு ஒரு எழுத்தா தெரியுறத ஒண்ணா எண்ணுற வழி இப்ப எல்லா ப்ரவுசர்லயும் இருக்கு, டெவலப்பர்கிட்ட கேட்டு வாங்குங்க.

மொழிபெயர்ப்புதான் பெரிய தலைவலி. எக்செல் ஷீட்ல வெறும் வார்த்தைய அனுப்புவாங்க, எந்த ஸ்க்ரீன்னு சொல்ல மாட்டாங்க. ஹோம் "வீடு" ஆகும், டிக்கெட் புக் பண்ற பட்டன் "புத்தகம்" ஆகும், ஆர்டர் கன்ஃபர்ம் ஆனா "உங்கள் உத்தரவு உறுதியானது"ன்னு ராஜா காலத்துக்கு போயிடும். "சமர்ப்பிக்கவும்" எதுக்கு, "அனுப்பு" போதுமே. அப்புறம் ஃபோன் பெங்களூர்ல இருக்குன்னு கன்னடமா தொறக்கறது, நாடு இந்தியான்னு ஹிந்தில தொறக்கறது ரெண்டும் வேணாம். மொழிய கேளுங்க, அந்தப் பட்டியல்ல தமிழ தமிழ்னே எழுதுங்க.

ஃபார்ம்ல லாஸ்ட் நேம் கட்டாயம்ங்குது, எனக்கு இனிஷியல் மட்டும்தான் இருக்கு. இதுக்கு யாராவது விடிவு காட்டுவீங்களா?

தம்பி, நானும் அதே கப்பல். ஒரு பேங்க்ல இனிஷியல போட்டேன், "குறைந்தது ரெண்டு எழுத்து"ன்னுச்சு. புள்ளி வச்சேன், "சிறப்புக் குறிகள் கூடாது"ன்னுச்சு. அப்பா பேர முழுசா போட்டேன், ஏத்துக்கிச்சு, இப்ப மெயில் எல்லாம் எங்கப்பா பேருக்கு "அன்புள்ள"ன்னு வருது, அது பான் கார்டோட ஒத்துப்போகலன்னு கேஒய்சி நிக்குது. ஆபீஸ்ல ஒரு நண்பர் ஃபர்ஸ்ட் நேமையே ரெண்டு தடவ போட்டு, ஐடி கார்டுல குமார் குமார்னு சுத்துறார்.

முழுப் பேருன்னு ஒரே கட்டம் வைங்க, புள்ளிய விடுங்க, ஒத்த எழுத்த விடுங்க. உள்ள சிஸ்டத்துக்கு ரெண்டா வேணும்னா அத மனுஷன் மேல ஏத்தாதீங்க. அந்த ஃபார்ம்ல மாட்டும்போது எனக்கே ஒரு நிமிஷம் "நம்ம பேருதான் தப்போ"ன்னு தோணுச்சு, பூக்கார அக்கா சொன்ன அதே வார்த்தைதான் வேற வடிவத்துல.

ஏம்மா, எங்கள மாதிரி வயசானவங்களுக்குன்னு தனியா ஒரு ஆப் பண்ணக்கூடாதா?

தனி வேணாம் மாமா, இருக்குறதையே சரியா பண்ணா போதும். வெள்ளைல வெளிர் சாம்பல்ல எழுதுறது ஒரு வியாதி. சாதாரண எழுத்துக்கு கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 4.5க்கு 1 இருக்கணும்ங்குது டபிள்யூசிஏஜி. டிசைனருங்களுக்கு புடிச்ச 999999ங்கிற கலர் நம்பர் சாம்பல் வெள்ளை மேல 2.85தான் வரும், 767676 போட்டா 4.54, தேறிடும். ஃபோன் செட்டிங்ஸ்ல நீங்க எழுத்த பெருசாக்குனா ஆப்பும் கூடவே பெருசாகணும், எதுவும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. இதெல்லாம் உங்களுக்குன்னு பண்ணா வெயில்ல நிக்கிற டெலிவரி பையனுக்கும் நல்லா தெரியும்.

கண்ணு தெரியாதவங்க திரைய படிச்சுக் காட்டுற டாக்பேக், வாய்ஸ்ஓவர் வச்சு கேட்டுக்கிட்டே ஓட்டுவாங்க, பட்டனுக்கு பேரு வைக்காம விட்டா அது "பட்டன், பட்டன், பட்டன்"னு மட்டும் படிக்கும். இது தயவு இல்ல, சட்டம். 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துச்சு. 2025 ஏப்ரல் 30ல சுப்ரீம் கோர்ட், டிஜிட்டல் வசதிய அணுகுறது அரசியல் சாசனம் 21வது பிரிவுல இருக்குற வாழும் உரிமையோட ஒரு பாகம்னு சொல்லிடுச்சு. வழக்குப் போட்டவங்க ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களும் பார்வையில்லாதவர் ஒருத்தரும். கேமராவ பாத்து கண் சிமிட்டுனாத்தான் கேஒய்சின்னா, சிமிட்ட முடியாதவங்க உயிரோட இல்லன்னா அர்த்தம்?

கேன்சல் பட்டன ஒளிச்சு வைக்கச் சொல்றாங்க. எல்லாரும் பண்றதுதானேன்னு சொல்றாங்க. பண்ணலாமா?

இப்படி ஆள ஏமாத்துற டிசைனுக்குப் பேரு டார்க் பேட்டர்ன், ஹாரி பிரிக்னல்ங்கிற டிசைனர் 2010ல வச்ச பேரு. இந்தியால மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல வழிகாட்டு விதி போட்டு 13 வகைய தடை பண்ணிடுச்சு. கேக்காமலே கூடைல இன்ஷூரன்ஸோ நன்கொடையோ சேக்குறது, "இன்னும் 2 சீட்டுதான்"னு பொய்யா அவசரப்படுத்துறது, "வேணாம், என் குடும்பத்து மேல எனக்கு அக்கறை இல்ல"ன்னு பட்டன்ல எழுதி கூச வைக்கிறது, கடைசி பக்கத்துல வெல ஏத்துறது, சேர்றதுக்கு ஒரு க்ளிக் வெளிய போக ஒம்போது க்ளிக், எல்லாம் அதுல இருக்கு. உங்களுக்கே யாராவது இப்படி பண்ணா 1915க்கு ஃபோன் போடலாம்.

மீட்டிங்ல "இது நல்லா இல்லையே"ன்னா உங்கள சாமியாரா பாப்பாங்க. "பதிமூணுல இது எத்தனாவது, லீகல் டீம்கிட்ட ஒரு மெயில் போட்டுடலாமா"ன்னு கேளுங்க, ரூம் அமைதியாயிடும். ஒரு தடவ நான் கேட்டப்ப முன்கூட்டியே போட்டிருந்த டிக் அன்னிக்கே எடுத்தாங்க. இன்னொரு தடவ எடுக்கல, நான் அந்த ப்ராஜெக்ட்ட விட்டு வேற டீமுக்கு மாறிட்டேன், வீட்டுக் கடன் இருந்ததால வேலைய விடல. அத மறைச்சு எழுத விரும்பல.

ஏஐ ஒரு வரி எழுதுனா ஸ்க்ரீன் போட்டுக் குடுக்குது. இனிமே உங்கள மாதிரி ஆளு எதுக்கு?

ஸ்க்ரீன் போடும், நானே தினம் போட வைக்கிறேன், முன்ன ரெண்டு நாள் ஆனது இப்ப மத்தியானத்துக்குள்ள முடியுது. வெறும் ஸ்க்ரீன் மட்டும் போட்டுக்கிட்டிருந்தவங்களுக்கு கஷ்டம்தான், பூசி மெழுக மாட்டேன். ஆனா போன மாசம் அதுகிட்ட கடைக்காரர் ஆப்புக்கு முகப்பு போடச் சொன்னேன், அழகா போட்டு நடுவுல பெருசா "இன்சைட்ஸ்"னு வச்சிருந்துச்சு. அல்சூர் மார்க்கெட்டுக்கு அது போனதில்லையே.

நீங்க டிசைன் பண்ண ஆப்ல நீங்களே மாட்டிக்கிட்டது உண்டாக்கா?

உண்டு. மெஜஸ்டிக் ஸ்டேஷன்ல பர்ப்பிள் லைன்ல இருந்து க்ரீன் லைனுக்கு ஓடிக்கிட்டிருக்கேன், ஒரு கைல பை, பேட்டரி மூணு பர்சன்ட், ஸ்க்ரீன் தன்னால மங்கிடுச்சு. எங்க ஆப்ல கட்டுன ஒரு ரசீது அவசரமா வேணும், அந்தப் பக்கம் ஆள் லைன்ல காத்திருக்கார். ரசீத மூணாவது டேப்ல, ஒரு மெனுவுக்குள்ள, வெளிர் சாம்பல்ல வச்சது யாரு, நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி "யாரு அடிக்கடி தேடப்போறா"ன்னு நானே மீட்டிங்ல சொன்னது ஞாபகம் வந்துச்சு. தேடித் தேடி கெடைக்கறதுக்குள்ள ஃபோன் அணைஞ்சே போச்சு. திங்கக்கிழமை காலைல முதல் வேலையா அத மாத்தணும்னு எங்க டீமோட வேலைப் பட்டியல்ல டிக்கெட் போட்டேன். மூணு மாசம் ஆச்சு, இன்னும் பேக்லாக்லதான், அதாவது பாக்கி வேலைங்களோடதான் கெடக்கு.